விருந்தாகச் செல்லும் சேவை

தென் தில்லியில், தில்லி ஹாட்டுக்கு எதிர்ப்புறம் ஐ.என்.ஏ. மார்க்கெட் உள்ளது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கிய இந்தச் சந்தை, தலைநகரில் குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்களுக்குப் பல்லாண்டுகளாக ஊர்ச் சந்தையாக விளங்கி வருகிறது. வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நேந்திரங்காய், பண்டிகை நாட்களில் தலைவாழை இலை என்று, வடநாட்டுக் கடைகளில் எளிதில் கிட்டாதவற்றைத் தமிழிலோ மலையாளத்திலோ பேரம் பேசி வாங்கக்கூடிய இடம் அது. சுற்றிலும் லக்ஷ்மிபாய் நகர், சரோஜினி நகர், கித்வாய் நகர், நேதாஜி நகர் என மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். அருகிலேயே, லக்ஷ்மிபாய் நகரில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. கணவர் அலுவலகம் செல்ல, பிள்ளைகள் பள்ளி செல்ல, பெண்கள் மாலையில் கூடிச் சந்தைக்குச் செல்வது என்ற வாழ்க்கை ஒரு தலைமுறைக்கும் மேலாக அங்கே நடந்தது. அந்நாளில் அண்டை வீட்டாரைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஒரே படிக்கட்டு, ஒரே முற்றம், ஒரே அலுவலகப் பேருந்து. ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் மறுவீட்டில் கஞ்சி கொதித்தது.

அந்த அண்டை உறவு பதவியோடு சேர்ந்து வந்தது. ஆகவே பதவியோடு சேர்ந்தே போயிற்று. ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் அரசு வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சிலர் ஊர் திரும்பினர். பலர் மயூர் விஹார், துவாரகா, நொய்டா என்று சொந்த அடுக்கு வீடுகளுக்குச் சென்றனர். பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போயினர். பிறகு இருவரில் ஒருவர் காலமாகிறார். மற்றவர், மூன்று அறைகளும் இரண்டு பூட்டுகளும் உள்ள வீட்டில் தனியே எஞ்சுகிறார். பழைய முற்றங்களைப் பார்த்து வரலாம் என்றால் அவையும் இல்லை: 2016-ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளின் பழைய வீடுகள் உயர்ந்த கட்டடங்களுக்கு இடம் விடத் தொடங்கின. கித்வாய் நகரின் கிழக்குப் பகுதி அதற்கும் முன்பே மாறத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் பழகிய கால்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வரத்தான் செய்கின்றன. ஒரு காய்கறிக் கடைக்காரரின் இடத்தில் இருந்து இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிய அம்மாள் ஒரு கிலோ வாங்குகிறார். பின்னர் அரைக் கிலோ. பின்னர் கால் கிலோ. வாழைப்பூ வாங்குவதை நிறுத்திவிடுகிறார். அதை ஆய்வதற்குச் செலவிடும் பொழுது, உண்பதற்கு இன்னொருவர் இருந்தால்தான் பொருள் பெறும். கடைசியாக நின்றுபோவது வாழை இலை. தனக்கென்று மட்டும் தலைவாழை இலை வாங்குபவர் அரிது. பிறகு ஒரு வாரம் அவர் வருவதில்லை. அவர் வராததைக் கவனித்தவர் யார் என்ற கேள்வியே இந்தப் பாடத்தின் பொருள்.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடியே 38 லட்சம் பேர். 2017-18-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சார்பில் நடந்த முதியோர் ஆய்வு, அத்தகையோரில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர் தனியாக வாழ்வதாகக் கண்டது. ஆறு என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் அறுபது லட்சம் வீடுகள். முதியோரை மட்டும் எண்ணுவதும் போதாது. 2011 ஏப்ரலில், தில்லியை அடுத்த நொய்டாவில், நாற்பதுகளில் இருந்த சகோதரிகள் இருவர் ஏறத்தாழ ஏழு மாதங்கள் வீட்டைவிட்டு வெளிவராமல் அடைந்து கிடந்த நிலையில் மீட்கப்பட்டனர். இருவரும் உயர்கல்வி கற்றவர்கள், பணி புரிந்தவர்கள். தந்தை மறைந்தார்; உடன்பிறந்தவர் பிரிந்து போனார்; வளர்த்த நாயும் இறந்தது. கதவு திறக்கப்பட்டபோது இருவரும் எலும்பும் தோலுமாக இருந்தனர். மூத்தவர் மறுநாளே மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர்கள் காட்டில் வசித்தவர்கள் அல்லர். சுற்றிலும் வீடுகள் நிறைந்த தெருவில் வசித்தவர்கள்.

அந்தத் தெருவினரைக் கொடியவர் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. பெரும்பாலும் தடுப்பது கொடுமை அன்று, கூச்சம். "போய் என்ன பேசுவது? தலையிடுவதாக நினைத்தால்? இரக்கப்படுவதாக நினைத்தால்?" என்ற தயக்கமே படிக்கட்டில் கால்களைக் கட்டிவிடுகிறது. அந்தத் தயக்கத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. இரக்கத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வருபவரை எவரும் விரும்புவதில்லை. தனித்து வாழ்பவருக்குக் கொடுப்பதற்கு எதையேனும் எடுத்துச் செல்வதே சேவை என்று கருதும்வரை இந்தக் கூச்சம் நீங்காது. அவரிடமிருந்து பெறுவதற்குச் செல்வது என்று நோக்கத்தை மாற்றினால் வழி திறக்கிறது. இதை விளக்கத் தமிழிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனின் வரலாறு பலரும் அறிந்தது. பிறந்தவுடன் கைவிடப்பட்டு, பசுவால் ஊட்டப்பெற்று, வளர்ந்தபின் ஊராரால் விலக்கப்பட்டவன் அவன். மதுரையில் பிச்சை ஏற்று, தானும் உண்டு, இயலாதவர்களுக்கும் பகிர்ந்தளித்து வாழ்ந்தான். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். கதையின் இந்தப் பகுதியே பெரும்பாலும் சொற்பொழிவுகளில் இடம்பெறுகிறது. அதற்குப் பின் நடந்ததை ஊன்றிப் படிக்க வேண்டும்.

இந்திரன் நேரில் வந்து வரம் தருவதாகச் சொல்லியும், பசித்தோர் உண்டு மகிழும் முகத்தைக் காண்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று ஆபுத்திரன் அதை மதிக்கவில்லை. சினமுற்ற இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டி வளத்தைப் பெருக்கினான். விளைச்சல் மிகுந்தது, பசி ஒழிந்தது, அம்பலத்துக்கு உணவு தேடி வருவார் ஒருவரும் இல்லை. கையில் வற்றாத பாத்திரம். ஏற்பதற்கு ஆள் இல்லை. ஊர் ஊராகச் சென்று "உண்பார் உண்டோ" என்று கேட்டவனை மக்கள் நகைத்தனர். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் வாடுவதாகக் கேள்வியுற்று அவன் கப்பல் ஏறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் ஒருநாள் தங்கிற்று. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு மாலுமிகள் இரவோடு இரவாகக் கப்பலைச் செலுத்திவிட்டனர்.

அவனை எவரும் வெறுக்கவில்லை, தள்ளிவிடவுமில்லை. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. இன்றைய அடுக்கு மாடிகளில், "அவருடைய மகன் பார்த்துக்கொள்வான்", "வேலைக்காரி வந்து போகிறாள்", "ஊருக்குப் போயிருப்பார்" என்று எண்ணிக்கொண்டு வாழ்க்கை என்னும் கப்பல் புறப்பட்டுவிடுவதும் இதே முறையில்தான்.

தீவில் அவன் பசியால் இறக்கவில்லை என்பது அடுத்த நுட்பம். அமுதசுரபி அவன் கையில்தான் இருந்தது. பல உயிர்களைக் காக்க வேண்டிய பாத்திரத்தைக் கொண்டு தன் ஒருவனை மட்டும் ஓம்பிக்கொள்வதை அவன் உள்ளம் ஏற்கவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். சொந்த வீடும் ஓய்வூதியமும் குளிர்பெட்டி நிறைய உணவும் இருந்தும், ஒருவேளை சமைப்பதை விட்டு, பிறகு இருவேளை சமைப்பதை விட்டு, பிஸ்கட்டும் தேநீருமாக ஒடுங்கிப்போகும் மூதாட்டியரின் நிலையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. அவர்களுக்குக் குறைவது உணவு அன்று. உண்பார் இல்லாததே குறை.

ஆபுத்திரனோடு பயணம் செய்த வணிகர்கள் ஒன்பதின்மர், அவனை விட்டுவிட்டு வந்ததை உணர்ந்து, மனம் பொறாமல் மணிபல்லவத்துக்குத் திரும்பி வந்தனர் என்றும், அதற்குள் அவன் இறந்துவிட்டதைக் கண்டு அவர்களும் அங்கேயே நோன்பிருந்து உயிர் விட்டனர் என்றும் காப்பியம் பின்னொரு காதையில் கூறுகிறது. அவர்கள் நல்லவர்கள். காலந்தாழ்ந்து வந்த நல்லவர்கள்.

இதற்கு மறுபக்கமாக, அண்மைக் காலத்தில் திருவண்ணாமலையில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொள்ளலாம். மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள், இளம் வயதிலேயே கணவரையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். துயரம் தாளாமல் கோகர்ணம் வரை சென்று சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார், ஆறுதல் கிட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அருணாசல மலையில் விரூபாக்ஷ குகையில் பேசாதிருக்கும் இளம் துறவியைப் பற்றிக் கேள்வியுற்று மலையேறினார். ரமண மகரிஷியின் முன்னிலையில் அவருடைய துயரம் அகன்றது என்பதைப் பலரும் சொல்வர். அதன்பின் அவர் ஊர் திரும்பவில்லை. திருவண்ணாமலையிலேயே தங்கி, நாள்தோறும் சமைத்து மகரிஷிக்கு எடுத்துச் சென்றார். 1945-இல் அவர் காலமாகும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தத் தொண்டு நீடித்தது. இதற்கிடையே மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று, சமையற்கூடம் ஏற்பட்டது, நாள்தோறும் பலருக்கு அங்கே உணவு சமைக்கப்பட்டது. எச்சம்மாளின் பாத்திரம் இல்லாவிட்டால் அங்கே யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண்ணுக்கு, காலையில் எழுந்து அடுப்பு மூட்ட ஒரு காரணம் வேண்டியிருந்தது. எதுவும் தேவைப்படாத ஞானி, அவர் தந்த உணவை ஏற்றுக்கொண்டார். கருணை என்றால் கொடுக்கும் கையையே நினைத்துப் பழகிய மனத்துக்கு, ஏற்கும் கையும் கருணையே என்பது சற்றுப் புதிதாகத்தான் இருக்கும்.

விருந்தோம்பல் இல்லறத்தானின் கடமை என்று நம் நூல்கள் விதித்துள்ளன. ஐவகை வேள்விகளுள் ஒன்று அது. ஆனால் அந்த விதி, விருந்தினர் வாசலுக்கு வருவார் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது. தனித்து வாழும் அண்டை வீட்டாரோ வருவதில்லை. அழைத்தாலும் "முழங்கால் வலி" என்பார். ஆகையால் இந்தக் காலத்தில் வேள்வி நிறைவேற வேண்டுமானால் சாதகரே விருந்தினராக மாறி அவர் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதை அடுத்துப் பத்தாவதாக வருவது இனியவை கூறல். உணவுக்கு அடுத்து உடனே பேச்சை வைத்த வரிசையும் எண்ணத்தக்கது. தைத்திரீய உபநிடதம், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்குக் கொடையைப் பற்றிச் சொல்லும்போது, நாணத்தோடு கொடுக்கச் சொல்கிறது. கொடுப்பவன் நாண வேண்டும், பெறுபவன் அல்லன். கையில் பழக்கூடையோடும், பின்னால் புகைப்படம் எடுப்பவரோடும் முதியோர் வீட்டுக் கதவைத் தட்டும் குழுக்கள் இந்த வரியைச் சற்று நின்று படிக்கலாம்.

பெயரிலும் நாணம் வேண்டும். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில், தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில், டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ஆம் ஆண்டில் பாட்டிமார் பதினால்வரைக் கொண்டு ஒரு பணியைத் தொடங்கினார். மருத்துவமனை வளாகத்தில் மரப்பலகை ஒன்றைப் போட்டு, மனம் உடைந்து வருபவர் பேச, பாட்டி கேட்பாள். பிறகு இருவரும் சேர்ந்து வழி தேடுவர். மருத்துவர் முதலில் அதற்கு மனநலப் பலகை என்று பெயரிட்டார். அப்பெயருள்ள பலகையில் யாரும் வந்து அமரமாட்டார்கள் என்று பாட்டிமார் எடுத்துச் சொன்னார்கள். பெயர் நட்புப் பலகை என்று மாறியது. 2016-இல் மருத்துவ ஆய்விதழில் வெளியான முடிவுகள், அங்கே பேசியவர்களின் மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டின. அண்டை வீட்டுக்குப் போகும்போதும் "தனியாக இருக்கிறீர்களே என்று பார்க்க வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு நுழைவது அந்த முதல் பெயரைப் போன்றது. "வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்லுங்கள் மாமி" என்று போகலாம். "பென்ஷன் படிவம் புரியவில்லை, நீங்கள் கணக்குத் துறையில் இருந்தவர் ஆயிற்றே, ஐயா" என்று போகலாம். பிள்ளைக்குச் சுலோகமோ கணக்கோ சொல்லித்தரக் கேட்டு அனுப்பலாம். கேட்பது உண்மையான தேவையாக இருக்க வேண்டும். பொய்யாகக் கேட்டால் அவர் இரண்டாம் நாளே கண்டுகொள்வார்; எழுபது ஆண்டுகள் மனிதரைப் பார்த்தவர் அவர்.

வயதானவர்களால் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு, ஐ.என்.ஏ. என்ற பெயரே ஒருவரை நினைவூட்டும். அந்த இராணுவத்தின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, சென்னையில் 1914-இல் பிறந்தவர். மருத்துவரான அவர், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் கான்பூரில் தம் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 2012-இல் மறைந்தார். காலையில் அவரை எதிர்பார்த்து நோயாளிகள் காத்திருந்தார்கள். எதிர்பார்க்கப்படுவது எத்தகைய மருந்து என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இங்கே ஆன்மிக நெறியில் நிற்பவர்கள் ஒரு வினாவை எழுப்பக்கூடும்: ஏகாந்தம் உயர்ந்தது என்றுதானே பெரியோர் கூறினர்? ஆம். ஆனால் ஏகாந்தம் விரும்பி ஏற்பது; அதை நாடிச் சென்றவருக்குத் திரும்பும் வழி தெரியும். தனிமை என்பது வந்து கவிவது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மூடிய கதவாகத் தெரியும். வேறுபாட்டை அறிய ஒரே வழி, கதவைத் தட்டுவதுதான். தட்டியபின், தனித்திருப்பதில் நிறைவு கண்டவர் அவர் என்று தெரிந்தால் வணங்கி விலகிவிடலாம். நாளுக்கொருமுறை அவர் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜன்னல் பார்ப்பதையும் எளிதாக எண்ண வேண்டாம். ஜப்பானில் டோக்கியோவை அடுத்த மட்சுடோ நகரின் டோக்கிவாடைரா என்ற பெரும் குடியிருப்பில், 2000-ஆம் ஆண்டில், 69 வயதுடைய ஒருவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆனபின் கண்டெடுக்கப்பட்டார். வாடகையும் மின்கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே கழிந்துகொண்டிருந்தன. சேமிப்புத் தீர்ந்த பின்னரே ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அதன்பின் அக்குடியிருப்பினர் விழிப்புற்று ஒருவரையொருவர் கண்காணிக்கத் தொடங்கினர். அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், எதிர்க் கட்டடத்துப் பெண்மணியிடம் ஒரே ஓர் உதவியைக் கேட்டிருந்ததைப் பற்றி 2017-இல் செய்தி வெளிவந்தது. காலையில் எழுந்ததும் தம் ஜன்னலின் காகிதத் திரையைத் திறந்துவைப்பார்; ஒருநாள் அது மூடியே இருந்தால் தாம் இறந்துவிட்டதாகக் கொண்டு உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. அந்த உதவிக்குக் கைம்மாறாகக் கோடைதோறும் பேரிக்காய் அனுப்பிவைத்தார். நாளுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது ஒருவரின் பங்கு. பழம் அனுப்புவது மற்றவரின் பங்கு. அந்த மூதாட்டி அதை இலவசமாகப் பெற்றுக்கொள்ள மறுத்தது சிறப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன் மாத அறிக்கையில், தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அரசுகளும் செய்வதைச் செய்கின்றன. தில்லிக் காவல்துறை 2004 முதல் மூத்த குடிமக்களுக்கென்று தனிப் பிரிவை நடத்துகிறது. 1291 என்ற உதவி எண் உண்டு. நாடு முழுவதற்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் 2021-இல் அறிமுகமாயிற்று. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி அண்டை வீட்டுத் தொலைபேசிக்கு அருகில் ஒட்டித் தருவது அரை மணி நேர வேலை. உண்ண மறுத்து, உறக்கமின்றி, வாழ்வில் விருப்பமில்லை என்ற பேச்சு ஒருவரிடம் எழுமானால், உறவினரையும் மருத்துவரையும் தாமதமின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்பு ஒன்றே போதும் என்று அப்போது இருந்துவிடக் கூடாது.

தொடங்குபவருக்கு ஒரு வீடு போதும். வட்டமாகக் கூடிப் படிப்பவர்கள் இந்த மாதம் தத்தம் மாடிப்படியில் உள்ள கதவுகளை மட்டும் மனத்தில் நிறுத்தி, எந்தக் கதவைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்று சொல்லிப் பார்க்கலாம். நாள் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. "ஒருநாள் வருகிறேன்" என்பதைத் தனித்து வாழ்பவர் நாள்கணக்கில் எண்ணிக் காத்திருப்பார். பதினைந்து நிமிடம் போதும். தருவதை மறுக்காமல் உண்ண வேண்டும். சர்க்கரை நோய் என்றால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவர் அதற்கேற்பச் செய்து வைப்பார், அந்தத் திட்டமிடலே அவருக்கு ஒரு நாளை நிரப்பும். பழைய கதையை மூன்றாம் முறை சொன்னால் மூன்றாம் முறையும் கேட்க வேண்டும். உள்ளபடியே இது கடினம். ஜபத்தில் மனம் ஓடுவதைப் போலவே அங்கும் ஓடும், அங்கும் இழுத்து நிறுத்த வேண்டும்.

தில்லியில் இருப்பவர்கள் சனிக்கிழமையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்படும்போது, "என்ன வாங்கி வர வேண்டும்" என்று அண்டை வீட்டு மாமியிடம் கேட்டுவிட்டுப் போவது முதற்படி. அவர் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார். முற்றிய முருங்கைக்காய்க்கும் இளங்காய்க்கும் வேறுபாடு தெரியாததை ஒப்புக்கொண்டு, பொறுக்கித் தர உடன் வரும்படி கேட்பது அடுத்த படி. மெட்ரோ நிலையம் சந்தையருகிலேயே இருக்கிறது, மின்தூக்கியும் உண்டு. கடைக்காரர் அவரை அடையாளம் கண்டு, "ஏன் இத்தனை நாளாகக் காணோம்" என்று கேட்கக்கூடும். அங்கே சற்று விலகி நின்று, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பும்போது பையில் ஒரு வாழைப்பூவும் இரண்டு இலைகளும் இருந்தால், மறுநாள் நண்பகலில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.